நாலாவது வரிசையில் கீறல்

நம் வயதுக்காரர்கள் எல்லாரும் செல்லை வெயிலில் காயவைத்தவர்கள்தான். ரேடியோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் செல்லைக் கழற்றி, வத்தலுக்குப் பக்கத்தில் பரப்பி, சாயங்காலம் திரும்ப மாட்டி, இன்னும் இரண்டு பாட்டு பிடுங்கிக்கொள்வோம். எங்கள் வீட்டில் வெயிலை நம்பவில்லை. எங்களுக்குச் சூளை இருந்தது. அப்பா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை எரிக்கிறவர். சோற்றுப் பையில் நாங்கள் போட்டுவிடும் செல்களைச் சூளையின் வெளிச்சுவர் ஓரமாக அடுக்கிவைத்து, ஷிஃப்ட் முடிந்ததும் கொண்டுவருவார். அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில்தான் அந்தப் பெட்டி பாடியது.

பெட்டி எங்கள் ஊர்க்காரப் பெட்டி அல்ல. சின்னம்மா கொண்டுவந்தது. அம்மாவின் தங்கை. அவளும் முன்பு பேட்டையில்தான் இருந்தாள், அம்மாவுக்குப் பக்கத்துப் பலகையில். பிறகு, கடல் இருக்கிற ஊரில் வேலை செய்ய வேண்டும் என்று ஒரே பிடிவாதமாகப் புதுச்சேரிக்குப் போய், வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கிப்போகும் ஒரு விடுதியில் அறை துடைக்கச் சேர்ந்தாள். அந்தப் பொங்கலுக்கு வந்தபோது, துணிமணிக்கு நடுவே துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து அவிழ்த்தாள்.

சாம்பல் நிறம். செங்கல்லைப் பாதியாக உடைத்த அளவு. பாசிப்பயறு வெந்த தண்ணீரின் நிறத்தில் சின்னத் திரை. அதன் கீழே கூட்டல் குறி போல ஒரு பொத்தான், குங்கும நிறத்தில் இரண்டு உருண்டைப் பொத்தான்கள். முதுகுப் பக்கம் ஒரு தட்டையான வில்லை செருகியிருந்தது. அதன்மேல் ஒட்டிய காகிதத்தில் பேனாவால் ஏதோ எழுத்து, நமக்குப் புரியாத பாஷை.

"ஒரு வெளிநாட்டுப் பொண்ணு ரூம காலி பண்ணிட்டுப் போயிடுச்சி. கெடக்குற குப்பையெல்லாம் வாரிக்கினு போன்னு முதலாளியம்மா சொன்னாங்க. கட்டிலுக்கு அடியில கெடந்துது. கேமு பொட்டியாட்டம் இருக்குதே, புள்ளைங்க வெளையாடுமேன்னு எடுத்தாந்தேன்," என்றாள்.

"ஓடுதா?" என்றாள் அம்மா.

"ஓடலன்னா பொம்மையா வச்சிக்கட்டும்."

ஓடியது. அண்ணன் செல்லைப் போட்டு விசையைத் தள்ளினான். டிங் என்று ஒரு சத்தம். நான் எதிர்பார்த்தது குதிக்கிற மனிதன், விழுகிற செங்கல், துரத்துகிற கார். திரையில் ஒன்றுமே குதிக்கவில்லை. மேலிருந்து கீழாக நாலு வரிசை எண்கள், அவ்வளவுதான். மளிகைக்கடைக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது போல, எண்கள் சும்மா உட்கார்ந்திருந்தன.

அண்ணன் கடைசிப் பொத்தானை அழுத்தினான்.

அதை எப்படிச் சொல்வேன். தகரத்தின்மேல் மழை தயங்கித் தயங்கி இறங்குவது போல ஒன்று. அதன்மேல், கண்ணாடியைக் காய்ச்சி நூலாக இழுத்தால் அந்த நூல் பாடுமே, அப்படி ஒன்று. அடியில் வண்டு ஒன்று பெட்டியின் சுவரை முட்டி முட்டி உறுமியது. எல்லாவற்றுக்கும் பின்னால் மணலைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிற ஓசை. வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை, தொண்டை இல்லை. மனிதக் காற்றுப் படாத சத்தம். ஆனாலும் யாரோ அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்பது போல இருந்தது. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பெட்டியிலிருந்த சத்தம் முடிந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.

"ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கல," என்றான் அண்ணன். "இது முன்னாடி வர மியூசிக்கு."

நாங்கள் காத்திருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது. எதிரி வருவான் வருவான் என்று அந்தப் பாசிப்பயறுத் திரையையே பார்த்துக்கொண்டு, உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருந்த ஒரு பாட்டை, அது பாட்டு என்றே தெரியாமல், நாள்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எதிரி வரவில்லை. அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தான். காலியாக இருக்கும் கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டால் ஜெயித்துவிடலாம். அதுதான் இந்த ஆட்டம். எண்கள் மேலே உள்ள கொஞ்ச வரிகளில்தான் இருந்தன, கீழே வெறும் கோடுகள். அந்தக் கோடுகள் நமக்கு.

"மேல இருக்கறத முடிச்சிட்டு கீழ போவலாமே," என்றேன்.

"அது அந்தப் பொண்ணோட ஆட்டம், பாப்பா. பாதில வச்சிட்டுப் போயிருக்குது. கலைக்கக் கூடாது."

உங்களுக்குத் தெரியும், நம் தெருவில் அது சட்டம். கேரம் பலகையில் பாதி ஆட்டத்தை விட்டுவிட்டு ஒருவன் சாப்பிடப் போனால் அவன் வருகிறவரை காயைத் தொடக் கூடாது. பலகையைத் தூக்க வேண்டியிருந்தால்கூட நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக் காய் நகராமல் தூக்குவோம். பொங்கல் முடிந்து சின்னம்மா புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டாள். பெட்டிக்காரப் பெண் எந்தக் கடலைத் தாண்டி எங்கே சாப்பிடப் போயிருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. இருந்தும் அண்ணன் அவள் வரிகளுக்குக் கீழே ஒரு வரியை வரப்பு மாதிரி காலியாக விட்டான். வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் நிலம், இந்தப் பக்கம் எங்களுடையது.

நிரப்ப ஆரம்பித்ததும் அந்தப் பெட்டியின் கிறுக்குத்தனங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதற்குப் பத்து தெரியாது. எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டு வந்து, ஒன்பதுக்குப் பிறகு ஏ என்னும். பி, சி என்று போய் எஃப் வந்ததும் திரும்ப முதலிலிருந்து. "ஸ்கூலுக்குப் போவாத பொட்டி," என்றேன். ஒவ்வொரு எண்ணையும் மாற்றினால் சத்தம் ஏறும், இறங்கும், வாலை ஆட்டும், தேயும். முதல் இரண்டு வரிசைகளுக்குக் கூரான குரல். மூன்றாவதுக்கு வண்டின் குரல். நாலாவது வரிசையில் எதைப் போட்டாலும் சர் என்றும் புஸ் என்றும் கொட்டும் சத்தம்தான் வந்தது. அதற்கு நாங்கள் குப்பை வரிசை என்று பேர் வைத்தோம்.

அப்பா ஒருநாள் அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து ஓடுவதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "கம்ப்யூட்டரு படிப்பாடா இது?" என்றார். அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் பேட்டை முழுக்கச் செய்தி பரவிவிட்டது: சூளைக்காரர் மகன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் படிக்கிறான். செல்கள் சூளைச் சுவருக்குப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அவர் நினைத்தது தப்புதான். ஆனால் அந்தத் தப்பு இல்லையென்றால் பெட்டி தை முடிவதற்குள் ஊமையாகியிருக்கும்.

பள்ளி இல்லாத நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோவது எங்கள் வேலை. ஓட்டுக்கூரைக் கொட்டகை. உள்ளே வரிசையாகப் பலகைகள், பலகைக்கு ஒரு பெண். புருவத்திலும் மூக்குத்தியிலும் வெள்ளைத் தூசி. சூளையிலிருந்து இறங்கிய கோப்பையும், மின்சாரப் பெட்டிக்குப் போடும் பீஸ் கட்டையும் முன்னால் குவிந்திருக்கும். இடது கை ஒன்றை எடுக்கும், வலது கையில் இருக்கிற சின்ன மரக்குச்சி அதைத் தட்டும். ணங் என்றால் நல்லது, வலது பக்கப் பலகைக்குப் போகும். டொப் என்றால் உள்ளே கீறல், கண்ணுக்குத் தெரியாது. இடது கை அதை இடது பக்கக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். மகளுக்கு மாப்பிள்ளை வந்த கதையும் மாமியார் மருந்து குடிக்காத கதையும் ஓடிக்கொண்டிருக்கும். கண் பேச்சில் இருக்கும், காது கையில் இருக்கும்.

ணங் ணங் ணங். ணங் ணங். டொப்.

எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு அண்ணன் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். உதடு அசைந்தது.

"சோத்தக் குடுடா. வேடிக்கை பாக்க வந்தியா?" என்றாள் அம்மா.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கத்துதும்மா."

"பின்ன? பெருசு பெருசாக் கத்தும், சிறுசு சிறுசாக் கத்தும். ஆளு மாதிரிதான்."

வீட்டுக்கு ஓடிவந்தோம். அண்ணன் வரப்புக்குக் கீழே அதுவரை நிரப்பியிருந்ததை எல்லாம் துடைத்தான். முதல் வரிசையில் சின்னக் கோப்பைகள். இரண்டாவதில் கொஞ்சம் கனத்த குரலில் பீஸ் கட்டைகள். மூன்றாவதில் சூளையின் உறுமல். பிறகு குப்பை வரிசைக்குப் போய், வேண்டாத சத்தம் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்ததில் ஒரு துண்டைக் கிள்ளி, தேய்த்துத் தேய்த்துக் குட்டையாக்கினான். டொப். அச்சு அசல் கீறல்.

அன்றிலிருந்து அவன் ஜெயிப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. இது ஆட்டம் இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதாகவும் ஞாபகம் இல்லை. பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "எங்க கொட்டா சத்தமாட்டம் இருக்குதே," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கீறல் ரொம்ப வருதுடா. இவ்ளோ கீறல் வந்தா சூப்பர்வைசரு எங்கள வூட்டுக்கு அனுப்பிடுவாரு. கொறைச்சிப் போடு."

அண்ணன் குறைத்தான். எடுத்துவிட எடுத்துவிட, மிச்சமிருந்த கீறல் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு சுற்றுக்கு ஒன்றே ஒன்று நின்றது. அது எப்போது வரும் என்று உடம்பு முழுவதும் காத்திருந்தது. வந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. பாட்டு என்பது இதுதானோ என்று நினைத்தேன். இன்றைக்கும் அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

செல் தீர்வதற்குள் அதை டேப்பில் பிடித்துவிட வேண்டும் என்று பட்டது. அப்பாவின் டேப்ரெக்கார்டரில் ஒரு பழைய கேசட்டைப் போட்டு, அதன் மைக் ஓட்டைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, இரண்டின் மேலும் போர்வையைப் போர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் ஒரு காக்கா கத்திவிட்டது. திரும்ப எடுக்கச் செல்லில் உயிரில்லை. ஆகவே எங்கள் பாட்டில் ஒரு காக்கா உண்டு.

எதிர்வீட்டு டிரைவர் மாமா சேத்தியாத்தோப்பு ரோட்டில் மினி பஸ் ஓட்டினார். பேட்டைப் பெண்கள் வீடு திரும்புவது அந்த பஸ்ஸில்தான். அண்ணன் கேசட்டை நீட்டினான். மாமா போட்டுக் கேட்டார்.

"என்னாடா இது, லாரி ரிவர்ஸ் எடுக்கிறாப்புல இருக்குது?"

"ஒரே ஒரு தடவை மாமா. ஷிஃப்டு விட்டப்புறம்."

"பொம்பளைங்க அடிக்க வந்தாங்கன்னா உன்னதான் காட்டுவேன்."

சாயங்காலம் நாங்களும் ஏறிக்கொண்டோம். நெரிசல். வியர்வையும் களிமண்ணும் மல்லிகையும் கலந்த அந்த வாசனையை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். பேட்டை வாசலைத் தாண்டியதும் மாமா கேசட்டைத் தள்ளினார். மேலே இருந்த ஸ்பீக்கர்களில் கரகரவென்று ஒரு போர்வைச் சத்தம், அப்புறம் ணங் ணங் ணங்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த ஒரு கையில் ஆள்காட்டி விரல் அசைந்தது. பக்கத்தில் டிபன் பாக்ஸின்மேல் இன்னொரு விரல். அதற்குப் பின்னால் வளையல் போட்ட ஒரு மணிக்கட்டு. ணங் ணங். ஒன்று, நாலு, பத்து என்று, காற்று நெல்லில் இறங்குவது போல, பஸ் நெடுக வலது கைகள் தட்ட ஆரம்பித்தன. அந்தக் கைகளின் சொந்தக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் விரலும் தட்டியது.

டொப் வந்தது.

பஸ்ஸிலிருந்த அத்தனை இடது கைகளும் இடது பக்கம் போயின. எதையோ கூடையில் போட்டன. திரும்பி வந்தன.

ஒருத்தியின் கீரைக்கட்டு கீழே விழுந்தது. ஒருத்தியின் முழங்கை கண்டக்டர் வயிற்றில் பட்டது. அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வெடித்த சிரிப்பில் காக்கா கத்தியதுகூடக் கேட்கவில்லை.

"அடப்பாவி, வூட்டுக்குப் போற நேரத்துல வேலை வாங்குறியேடா," என்றாள் ஒருத்தி அண்ணனைப் பார்த்து.

"எங் கைய எப்படிடா பொட்டிக்குள்ள போட்ட?" என்றாள் தூங்கி எழுந்தவள்.

மாமா கண்ணாடியில் பார்த்தபடி பஸ்ஸை மெதுவாக்கியிருந்தார். அண்ணன் முகத்தில் சிரிப்பில்லை, பயம் இருந்தது. தான் போட்ட ஒரு எண்ணுக்கு ஒரு பஸ் நிறையக் கைகள் அசைந்ததைப் பார்த்த பயம். அதற்கு வேறு பேர் இருக்கிறது என்று இப்போது தெரியும். அன்றிலிருந்து மாமா தினமும் அதைப் போட்டார். எங்கள் தெருமுனையில் பஸ் தெரிவதற்கு முன்பே எங்கள் பாட்டு வந்து சேரும்.

அந்த நாட்களில்தான் மளிகைக்கடை போனுக்குச் சின்னம்மாவின் அழைப்பு வந்தது. அம்மா காதில் வைத்திருந்தாலும் அவள் குரல் எங்களுக்குக் கேட்டது.

"அக்கா, அந்தப் பொட்டி வூட்டுல இருக்குது இல்ல?"

"இருக்குது. ஏன்?"

"அந்தப் பொண்ணு திரும்ப வந்துருக்குது. எல்லா எடத்துலயும் தேடுது. நான் எடுத்து வித்துட்டேன்னு முதலாளியம்மா அத்தினி பேரு முன்னாடியும் சொல்லிட்டாங்கக்கா. திருடின்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள ஏதோ பாட்டு வச்சிருந்துதாம். அது ஒண்ணுதானாம், வேற எங்கியும் கெடையாதாம். பாட்டு மட்டும் இல்லன்னா ஸ்டேஷனுக்குத்தான் போவணும்ன்றாங்க."

அம்மா போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு பாட்டு இருக்குதாடா?"

"நான் தொடலம்மா. கோடு போட்டு விட்டிருக்கேன்."

"நீ தொடலன்னு உனக்குத் தெரியும். பொட்டிக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வி எங்களை ஆட்டிவிட்டது. எத்தனை தடவை வில்லையைக் கழற்றி ஊதியிருப்போம், எத்தனை சூட்டுச் செல் போட்டிருப்போம். எது எதை அழிக்கும் என்று யாருக்குத் தெரியும். போட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். அண்ணன் விசையைத் தொடமாட்டேன் என்றான். உன்னுடையதை மட்டுமாவது துடைத்துவிடு என்றாள் அம்மா. துடைக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விட்டால் என்றான். அப்பா கடையிலிருந்து புதுச் செல் வாங்கிவந்து கொடுத்தார்.

"வேலை போனா போவுது," என்றாள் அம்மா, முந்தானையில் பெட்டியை முடிந்துகொண்டே. "பேரு போவக் கூடாது."

மறுநாள் காலையில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம்.

விடுதிக் கூடத்தில் நீளமான மேசை. அதன் ஒரு பக்கம் முதலாளியம்மா, காதில் வைரம், மடியில் நாய்க்குட்டி. சுவரோரமாகச் சின்னம்மா. எங்களைப் பார்த்ததும் கிட்ட வராமல், முன்பின் தெரியாதவளைப் போலத் தரையைப் பார்த்தாள். இடுப்பில் விடுதியின் சாவிக்கொத்து தொங்கியது. மாடிப்படியிலிருந்து பெட்டிக்காரப் பெண் இறங்கி வந்தாள். உயரம், வெயிலில் வெந்த மூக்கு, அண்ணனைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அந்தப் பாட்டைக் கட்டியவள் நரைத்தவளாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அம்மா முடிச்சை அவிழ்த்துப் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"விக்கல, பாருங்க," என்றாள். "புள்ளைங்ககிட்டதான் இருந்துது."

"இருந்து என்ன பிரயோஜனம்?" என்றார் முதலாளியம்மா. "உள்ள இருக்கறது இருக்கணுமே. பசங்க கையில குடுத்துருக்கா, பொறுப்பு வேண்டாம்?"

அந்தப் பெண் எதையும் கேட்கவில்லை. செல்லைப் போட்டாள். விசையைத் தள்ளுவதற்கு முன் கொஞ்சம் நின்றாள். சின்னம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். நாய்க்குட்டி கொட்டாவி விட்டது.

டிங்.

அவள் கட்டைவிரல் அழுத்தியது. தகரத்தின்மேல் மழை இறங்கியது. கண்ணாடி நூல் பாடியது. வண்டு உறுமியது. எங்கேயும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்தப் பெண் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அண்ணன் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்தவள் திரையைப் பார்த்தாள். கீழே கீழே போனாள். வரப்பைக் கண்டாள்.

"பாருங்க, என்னமோ பண்ணி வச்சிருக்கானுங்க," என்றார் முதலாளியம்மா.

அவள் அழுத்தினாள். ணங் ணங் ணங் என்று எங்கள் கொட்டகை அந்தக் கூடத்துக்குள் வந்தது. ஒரு சுற்று முழுக்கக் கேட்டாள். நிமிர்ந்து, விரலால் பெட்டியைக் காட்டி, யார் என்பது போல எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மை மதர் ஃபேக்டரி சவுண்ட், மேடம்."

அவள் எழுந்து மாடிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் இன்னொரு பெட்டி, இதே சாம்பல் நிறம், கூடவே குட்டையான ஒரு ஒயரும் ஒரு சின்ன ஸ்பீக்கரும். இரண்டு பெட்டிகளையும் ஒயரால் கோத்தாள். ஒன்றில் எங்கள் பாட்டை வைத்தாள். மற்றதில் அவளுடைய வேறொரு பாட்டை எடுத்தாள். அண்ணன் கையைப் பிடித்துப் பொத்தான்மேல் வைத்தாள்.

நான் கண்டதை நீங்கள் நம்ப வேண்டும். அண்ணன் அழுத்தியது ஒரு பெட்டியை. இரண்டும் ஒன்றாக ஆரம்பித்தன. அவளுடைய கண்ணாடி நூல் மேலே போயிற்று. எங்கள் கோப்பைகள் அதன் அடியில் தாளமாக நடந்தன. ஒன்றுக்காக ஒன்று நின்றது. ஒன்று விட்ட இடத்தில் மற்றது எடுத்தது. ஒரு முழ ஒயர்தான். அந்த ஒயர் வழியாக, பேர் தெரியாத ஒரு ஊரும் விருத்தாசலமும் பேசிக்கொண்டன. வானத்தில் நட்சத்திரம் இத்தனை இருந்தும் ஒன்றோடொன்று முட்டாமல் இருப்பது எப்படி என்று அன்றைக்கு ஒரு நிமிடம் எனக்கு விளங்கியது போல இருந்தது. அடுத்த நிமிடம் மறந்துவிட்டது.

"சரி, அதான் கெடச்சிடுச்சில்ல," என்றார் முதலாளியம்மா. சின்னம்மாவைப் பார்க்கக்கூட இல்லை, நாயின் கழுத்தைத் தடவியபடியே சொன்னார். "போய் மாடி ரூம பெருக்கு."

சின்னம்மா நகரவில்லை. அவள் முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் வலது கை விரல் புடவையின்மேல் தட்டிக்கொண்டிருந்தது. அவள் எங்கள் பஸ்ஸில் ஏறியவள் அல்ல, இந்தப் பாட்டை இதற்கு முன் கேட்டவளும் அல்ல. பலகையை விட்டு எழுந்துபோய் வருஷங்கள் ஆகியும் அந்த விரல் ஒரு தட்டுகூடத் தவறவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவின் விரலும் தட்டியது. அந்தப் பெண் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அந்தச் சத்தம் இந்தக் கைகளுடையது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலாளியம்மாவிடம் வேகமாக ஏதோ சொன்னாள், குரல் கடுகடுத்திருந்தது. முதலாளியம்மா முகம் சிவந்து, "மறந்து விட்டுட்டுப் போனது அவுங்கதானாம். சரி விடு. உன் மேல தப்பு இல்ல," என்றார். "போ, வேலையப் பாரு."

டொப் வந்தது.

சின்னம்மாவின் இடது கை இடுப்புக்குப் போயிற்று. சாவிக்கொத்தை உருவியது. மேசையின் இடது ஓரமாக அதை வைத்தது. வீசவில்லை, ஓங்கவில்லை. கொட்டகையில் எந்தக் கோப்பையையும் அவர்கள் கோபத்தோடு கழித்ததில்லை. திரும்பி வந்து அந்தக் கை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"போயிட்டு வரேங்க," என்றாள்.

அந்தப் பெட்டியை நாங்கள் பிறகு பார்க்கவில்லை. அது அவளுடையது, எடுத்துக்கொண்டு போனாள். துடைக்கவில்லை, அதை மட்டும் பார்த்தேன். வரப்புக்குக் கீழே எங்கள் கொட்டகையோடு அது எந்தக் கடலையோ தாண்டிப் போயிற்று. கேசட் டிரைவர் மாமாவின் பஸ்ஸில் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் காக்கா மட்டும் மிஞ்சி, அதுவும் ஒருநாள் நாடா சிக்கி அறுந்தது. அப்பா கடைசிவரை, என் மகன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான் என்றுதான் எல்லாரிடமும் சொன்னார்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தத் திரும்பும் பஸ்தான். மூன்று பேர் இருக்கையில் நாலு பேர். சின்னம்மா ஜன்னலோரம்.

"உன் பலகை அப்படியேதான் கெடக்குது," என்றாள் அம்மா. "நாளைக்கே வந்து ஒக்காரு. நான் சொல்லிக்கிறேன்."

"கடல விட்டுட்டு வரியே சின்னம்மா," என்றான் அண்ணன்.

"அது எங்கடா போவப்போவுது," என்றாள்.

கடலூர் தாண்டி வயல் வந்தது. வெயில் சாய்ந்தது. அவள் வலது கை விரல் ஜன்னல் கம்பியில் தட்டத் தொடங்கியது. ணங் ணங் ணங். நான் டொப்புக்காகக் காத்திருந்தேன். ஊர் வந்து சேரும்வரை அவளுடைய இடது கை மடியிலேயே இருந்தது.